முகம் எதற்கு? மெய்நிகர் ஆசிரியப் பாத்திரங்களின் தோற்றமும் கற்போரின் ஈடுபாடும்

1. பேசாத பூச்சி

1990களில் அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லெஸ்டரும் அவர் குழுவினரும் ‘டிசைன் எ பிளான்ட்’ என்ற கணினிப் பாடத்தை உருவாக்கினார்கள். நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கான தாவரவியல் பாடம் அது. முன்பின் அறியாத ஒரு கோளில் மழை எப்படி, வெயில் எப்படி, மண்ணில் சத்து எவ்வளவு என்ற விவரங்கள் தரப்படும். அங்கே பிழைக்கக்கூடிய செடி ஒன்றை வேர், தண்டு, இலை என்று பகுதி பகுதியாகத் தேர்ந்து மாணவர் அமைக்க வேண்டும். துணைக்கு ‘ஹெர்மன்’ என்றொரு பூச்சி உண்டு. வாய் ஓயாதது, கொஞ்சம் சிடுசிடுப்பானது. திரையின் குறுக்கும் நெடுக்கும் பறக்கும். விளக்கம் சொல்வதற்காகச் செடியின் உடலுக்குள்ளேயே பாய்ந்துவிடும். மாணவர் தடுமாறினால் யோசனை சொல்லும்.

இக்குழு 1997இல் வெளியிட்ட ஆய்வில் 100 மாணவர்கள் கலந்துகொண்டார்கள். ஹெர்மனுக்கு 5 வடிவங்கள் தரப்பட்டிருந்தன. ஒரு வடிவத்தில் அது எல்லா வகை யோசனைகளையும் அசைவோடும் பேச்சோடும் தந்தது. இன்னொரு வடிவத்தில் யோசனை எதுவுமே சொல்லாமல் திரையில் இருந்தது, அவ்வளவுதான். இந்தப் பேசாத ஹெர்மனோடு கற்றவர்களும் தங்கள் அனுபவத்தை நல்லவிதமாகவே மதிப்பிட்டார்கள். உயிருள்ளதுபோல் ஒரு பாத்திரம் திரையில் இருந்தாலே கற்போரின் மனநிலை மாறுகிறது என்று ஆய்வாளர்கள் முடிவு கட்டினார்கள். ‘பெர்சோனா விளைவு’ என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

கல்வி மென்பொருள் விற்போருக்கு இதைவிட வசதியான முடிவு வேறு கிடையாது. பாடத்தைத் திருத்தி எழுதுவது கடினம், அதன் மேல் ஒரு பொம்மையை உட்காரவைப்பது எளிது. ஆனால் இந்த ஆய்வில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஹெர்மனே இல்லாமல் கற்ற குழு எதுவும் இதில் இல்லை. ஐந்து குழுவுக்கும் ஏதோ ஒரு ஹெர்மன் கிடைத்திருந்தது. எந்த ஹெர்மன் ஆனாலும் மாணவர்களுக்குப் பிடித்திருந்தது என்பதை இதைக் கொண்டு சொல்லலாம். ஹெர்மன் இருந்ததால் நன்மை விளைந்தது என்று சொல்ல இடமில்லை. 2000இல் டோரிஸ் டேன், சூசன்னே வான் முல்கன் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இத்தகைய பாத்திரங்களால் பொதுவான நன்மை உண்டு என்பதற்கான ஆதாரம் மெலிதாகவே இருந்தது.

பாத்திரத்தின் தோற்றம் கற்போரின் ஈடுபாட்டில் என்ன மாற்றம் செய்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தோற்றம் பாடத்தைப் புரியவைப்பதில்லை. இந்தப் பாடம் தனக்கானதா, இதில் தனக்கு இடமுண்டா என்ற ஐயத்துக்கு மாணவர் தமக்குள் சொல்லிக்கொள்ளும் பதிலை அது அசைத்துப் பார்க்கிறது. கிடைக்கும் ஆதாரங்கள் இந்த அளவுக்குத்தான் நம்மைக் கொண்டுசெல்கின்றன என்பது என் வாதம்.

2. எந்த ஈடுபாடு?

‘ஈடுபாடு கூடியது’ என்று ஓர் ஆய்வறிக்கை சொல்லும்போது என்ன கூடியது என்று கேட்டாக வேண்டும். 2004இல் ஜெனிஃபர் ஃபிரெட்ரிக்ஸும் இரு சக ஆய்வாளர்களும் எழுதிய, பரவலாக எடுத்தாளப்படும் கட்டுரை பள்ளி ஈடுபாட்டை மூன்றாகப் பிரிக்கிறது. வருகை, பங்கேற்பு, உழைப்பு ஆகியவை நடத்தையைச் சேர்ந்தவை. விருப்பு, சலிப்பு, ஒட்டுதல் ஆகியவை உணர்ச்சியைச் சேர்ந்தவை. கடினமான ஒன்றைப் புரிந்துகொள்ள மெனக்கெடுவது அறிவைச் சேர்ந்தது. மூன்றும் கைகோத்து வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. வாத்தியாரின் நகைச்சுவைக்கு விழுந்து விழுந்து சிரித்த பையன் பரீட்சையில் கோட்டைவிடுவது எந்தப் பள்ளியிலும் நடப்பதுதான்.

மெய்நிகர் பாத்திரங்களைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை பாடம் முடிந்ததும் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, பிடித்திருந்ததா, மறுபடியும் இதனோடு கற்க விருப்பமா என்று கேட்கின்றன. இது உணர்ச்சியின் அளவீடு. செயலி நடத்தும் நிறுவனங்கள் எத்தனை நிமிடம், எத்தனை நாள் என்று எண்ணுகின்றன. அது நடத்தையின் அளவீடு. அறிவு சார்ந்த ஈடுபாட்டை நேரடியாக அளப்பது கடினம் என்பதால் பலரும் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஊகிக்கிறார்கள். ஒருவர் விருப்பத்தை அளந்து சொன்னதை இன்னொருவர் கற்றலுக்குச் சான்றாகக் காட்டுவது இத்துறையில் சர்வ சாதாரணம். போதாததற்கு, சோதனைகளில் பல ஒரே அமர்வில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. புதுமையின் கவர்ச்சி அடங்கும்வரை யாரும் காத்திருப்பதில்லை.

3. அம்புக்குறியோடு ஒரு போட்டி

ஹெர்மனை வைத்தே அடுத்த கட்டச் சோதனைகளும் நடந்தன. ரொக்சானா மொரேனோ, ரிச்சர்ட் மேயர், ஹில்லர் ஸ்பயர்ஸ், லெஸ்டர் ஆகியோர் 2001இல் வெளியிட்ட கட்டுரையில் 5 சோதனைகள் உள்ளன. ஹெர்மனோடு கற்றவர்கள், அதே பாடத்தை வெறும் எழுத்தாகப் படித்தவர்களைவிட, கற்றதைப் புதிய சிக்கல்களுக்குப் பயன்படுத்துவதில் மேலாக இருந்தார்கள். பெர்சோனா விளைவுக்கு இது வலுச்சேர்ப்பதாகத் தோன்றும். ஆனால் அவர்கள் அத்தோடு நிறுத்தாமல் ஹெர்மனைப் பிரித்துப் பார்த்தார்கள். உருவத்தை எடுத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்தார்கள். குரலை எடுத்துவிட்டு எழுத்தை வைத்தார்கள். பூச்சிக்குப் பதிலாக மனித முகத்தின் காணொளியையும் வைத்துப் பார்த்தார்கள். எழுத்தைவிடக் குரல் பயன் தந்தது. மாணவரைச் செய்யவைத்துக் கேள்வி கேட்டதும் பயன் தந்தது. உருவம் கண்ணுக்குத் தெரிந்ததா இல்லையா என்பது கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. முதல் சோதனையில் ஹெர்மன் பெற்ற வெற்றி உண்மையில் அதன் தொண்டையின் வெற்றி.

மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் கிரேசர் குழு உருவாக்கிய ‘ஆட்டோடியூட்டர்’ மாணவரோடு உரையாடியே கற்பிக்கும் மென்பொருள். திரையில் பேசும் தலை ஒன்றும் அதில் உண்டு. நன்மை உரையாடலால் விளைகிறதா, தலையால் விளைகிறதா என்று 2003இல் இவர்களே கேட்டுக்கொண்டார்கள். விடை உரையாடலின் பக்கமே இருந்தது. பேசும் தலையின் பங்கு மிகச் சிறிது. தங்கள் படைப்பின் முகத்தைத் தாங்களே கழற்றிப் பார்த்த இந்த நேர்மை, பொருளை விற்கும் நெருக்கடி இல்லாத பல்கலைக்கழகத்தில்தான் சாத்தியம் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பிடித்த சோதனை சன்ஹீ சோய், ரிச்சர்ட் கிளார்க் இருவரும் 2006இல் வெளியிட்டது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் மாணவர்களுக்கு இலக்கணப் பாடம். ஒரு குழுவுக்கு அசையும் பாத்திரம் திரையின் உரிய இடத்தைச் சுட்டிக்காட்டி விளக்கியது. மற்றக் குழுவுக்கு அதே குரல், அதே விளக்கம், சுட்டிக்காட்ட ஓர் அம்புக்குறி. கற்றலில் இரு குழுவும் வேறுபடவில்லை. பாத்திரம் இருக்கும் பாடத்தையும் எதுவுமே இல்லாத பாடத்தையும் ஒப்பிட்டால் பாத்திரம் வெல்வது இயல்பு. சுட்டுதல், குரல், இடைவினை எல்லாமே பாத்திரத்தோடு சேர்ந்து வருகின்றன. அவற்றை அம்புக்குறிக்கும் கொடுத்துவிட்டால் போட்டி சமமாகிவிடுகிறது. எந்த மெய்நிகர் ஆசிரியரைப் பற்றி யார் பெருமையாகச் சொன்னாலும், அம்புக்குறியோடு ஒப்பிட்டீர்களா என்று கேட்பது நல்லது.

பெருந்தொகுப்புகள் சொல்வதும் ஏறத்தாழ இதுவே. நோவா ஷ்ரோடரும் சக ஆய்வாளர்களும் 2013இல் 43 ஆய்வுகளைத் தொகுத்தபோது பாத்திரங்களின் சராசரி விளைவளவு 0.19 என்று வந்தது. ஹுவான் காஸ்ட்ரோ அலோன்சோவும் மற்றவர்களும் 2021இல் 2,104 மாணவர்களின் தரவுகளைத் தொகுத்தபோது 0.20. எண் மொழியை விட்டுச் சொன்னால், 100 பேர் வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் மாணவர் சுமார் 8 இடம் முன்னே நகர்வார். ஒதுக்கித் தள்ளக்கூடிய அளவல்ல, கொண்டாடக்கூடிய அளவுமல்ல. 2021 தொகுப்பில் ஒரு சுவையான விவரம் உண்டு. தட்டையாக வரைந்த இருபரிமாணப் பாத்திரங்களின் விளைவளவு 0.38. அதிகச் செலவில் உருவாகும் முப்பரிமாணப் பாத்திரங்களுக்கு 0.11. இதை ஒரு போக்கு என்ற அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும், அசலுக்கு நெருங்க நெருங்கப் பயன் கூடும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய போக்கு.

4. கண் போகும் இடம்

உருவத்தால் கற்றல் கூடவில்லை என்றால், அது ஏன் மாணவர்களுக்குப் பிடிக்கிறது? முகம் என்றால் கண் அங்கே போய்விடும் என்பதுதான் முதல் காரணம். ரெனே கிசில்செக்கும் சக ஆய்வாளர்களும் 2014இல் நடத்திய கண்ணசைவு ஆய்வில், விரிவுரைக் காணொளியின் ஓரத்தில் ஆசிரியர் முகம் தெரிந்தபோது, பார்த்தவர்கள் தங்கள் நேரத்தில் சுமார் 41 விழுக்காட்டை அந்த முகத்தின் மீதே செலவிட்டார்கள். முகத்துக்கும் பாடப்படத்துக்கும் இடையே சராசரியாக 3.7 நொடிக்கு ஒருமுறை பார்வை தாவியது. முகம் இருந்த காணொளியே அவர்களுக்குப் பிடித்திருந்தது. நினைவில் நின்ற பாடத்தின் அளவு மட்டும் மாறவில்லை. பார்வையின் ஐந்தில் இரண்டு பங்கை முகம் எடுத்துக்கொண்டும் கற்றல் கெடவில்லை என்றும் இதை வாசிக்கலாம். அவ்வளவு பார்வையைப் பெற்றும் எதையும் திருப்பித் தரவில்லை என்றும் வாசிக்கலாம்.

அதே ஆண்டில் ஃபிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் ஆகியோர் ‘எட்எக்ஸ்’ என்ற இணையவழிப் பாடத் தளத்தின் 862 காணொளிகளையும் அவற்றை மாணவர்கள் பார்த்த 69 லட்சம் அமர்வுகளையும் ஆராய்ந்தார்கள். முகம் இடையிடையே தெரியும் காணொளிகளை மாணவர்கள் கூடுதல் நேரம் பார்த்தார்கள். பெருஞ்செலவில் அரங்கம் அமைத்து எடுத்தவற்றைவிட, ஆசிரியர் தம் மேசையருகே உட்கார்ந்து பேசியவை கவனத்தைப் பிடித்து வைத்தன. இவர்கள் அசல் மனிதர்கள், வரைந்த பாத்திரங்களல்ல. எனினும் பளபளப்பு நெருக்கத்தைக் குறைக்கிறது என்ற குறிப்பு நம் கேள்விக்கும் உதவும்.

பிடிக்காத முகம் என்ன செய்யும்? ஸ்டெஃபி டோமாக் 2010இல் வெளியிட்ட சோதனைகளில் விரும்பத்தக்க தோற்றமும் குரலும் கொண்ட பாத்திரங்களை, மாணவர்கள் ரசிக்காதவற்றோடு ஒப்பிட்டார். பாத்திரம் இருப்பதாலேயே ஊக்கம் கூடிவிடவில்லை. ஆனால் தோற்றமும் குரலும் பிடிக்காதபோது கற்றதைப் புதிய இடத்தில் பயன்படுத்தும் திறன் பாதிக்கப்பட்டது. நல்ல தோற்றத்தால் வரும் ஆதாயம் சிறிது, மோசமான தோற்றத்தால் வரும் நட்டம் அதைவிடப் பெரிது. வடிவமைப்பாளர்களுக்கு இந்தச் சமனின்மை ஒன்றே போதுமான எச்சரிக்கை.

5. யாரைப் போன்ற முகம்?

இதுவரை உருவம் உண்டா இல்லையா என்று பார்த்தோம். அந்த உருவம் யாருடையது என்று கேட்கும்போதுதான் இத்துறை சூடுபிடிக்கிறது. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அமி பேய்லரும் ஆஷ்பி பிளான்ட்டும் எடுத்துக்கொண்ட சிக்கல், பொறியியல் பக்கம் பெண்கள் ஏன் வருவதில்லை என்பது. பொறியியலைப் பற்றிப் பேசும் மெய்நிகர் பாத்திரத்தின் முகத்தை மாற்றினால் மாணவியரின் எண்ணம் மாறுமா?

2005இல் வெளியான அவர்களது ஆய்வில் 79 இளநிலை மாணவியர் பங்கேற்றார்கள். பாத்திரங்கள் எல்லாம் ஒரே அச்சு. வயது, பால், அழகு, நவீன மோஸ்தர் ஆகிய நான்கில் மட்டும் வேறுபட்டன. உன்னைப் போல் இருப்பது எது, யாரைப் போல ஆக விருப்பம் என்று கேட்டபோது மாணவியர் இளமையும் அழகும் மோஸ்தரும் கொண்ட பெண் பாத்திரங்களைக் கைகாட்டினார்கள். பொறியாளர் போல் இருப்பது எது என்று கேட்டபோது வயதான, மோஸ்தர் இல்லாத ஆண் பாத்திரங்களைக் காட்டினார்கள். யாரிடம் கற்பாய் என்றபோதும் ஆண் பாத்திரங்களின் பக்கமே சாய்ந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த பாத்திரம் சுமார் 15 நிமிடம் 4 பெண் பொறியாளர்களின் கதையைச் சொன்னது. கணிதத்தையும் அறிவியலையும் பற்றிய மாணவியரின் எண்ணங்கள் யாரிடம் கேட்டபோது மிகவும் மேம்பட்டிருந்தன தெரியுமா? மோஸ்தர் இல்லாத ஆண் பாத்திரத்திடம் கேட்டபோது.

பெண்களுக்குப் பெண் பாத்திரமே ஊக்கம் தரும் என்ற நல்லெண்ணத்துக்கு இது ஓர் அடி. ஆனால் கதை இங்கே முடியவில்லை. இதே குழுவில் ரினட் ரோசன்பர்க் கிமா முதலாசிரியராக 2008இல் எழுதிய கட்டுரையில், பாத்திரத்தை மாணவியர் தேர்ந்தெடுக்கவில்லை, ஆய்வாளர்களே ஒதுக்கிக் கொடுத்தார்கள். இப்போது தங்களை ஒத்த, இளமையும் மோஸ்தருமான பாத்திரங்களைச் சந்தித்தவர்களுக்குத் தன்னம்பிக்கை கூடியது. வெறும் குரலைவிட உருவம் தெரியும்போது விளைவு வலுவாக இருந்தது. முந்தைய பகுதிகளில் கண்ட முடிவுகளுக்கு நேர் எதிரானது இது. பாடத்தைப் புரியவைப்பதில் குரலுக்குத் தோற்ற உருவம், ‘உன்னைப் போன்ற ஒருத்தி இங்கே இருக்கிறாள்’ என்று காட்டுவதில் குரலை வென்றுவிட்டது.

இரு முடிவுகளையும் சேர்த்து வாசிப்பது எப்படி? தேர்வு மாணவியின் கையில் இருந்தபோது, பொறியாளர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று சமூகம் அவளுக்குள் பதித்த படமே முன்வந்து நின்றது. அந்தப் படத்துக்குப் பொருந்திய பாத்திரத்தின் சொல்லுக்கு மதிப்பும் கூடியது. தேர்வை எடுத்துவிட்டபோது எதிர்பாராத முகம் ஒன்று அந்தப் படத்தை அசைத்தது. இது என் வாசிப்பு. இரண்டு ஆய்வுகளின் அளவீடுகளும் ஒன்றல்ல என்பதால் இதைத் தீர்ப்பாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நடைமுறையில் ஒன்று தெளிவு. உங்களுக்குப் பிடித்த ஆசிரியரை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்று பட்டியலை நீட்டும் செயலிகள், மாணவரின் விருப்பத்தை மதிப்பதாக நினைத்துக்கொண்டு அவருடைய முன்முடிவைப் பரிமாறுகின்றன.

மொரேனோவும் டெரி ஃபிளவர்டேயும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஐயத்தைக் கூர்மையாக்குகிறது. பாத்திரத்தைத் தேர்ந்துகொள்ள விட்டபோது, வெள்ளையரல்லாத மாணவர்கள் தம் இனத் தோற்றம் கொண்ட பாத்திரத்தைத் தேடிப்போகும் போக்கு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. அப்படித் தேர்ந்து கற்றதால் அவர்கள் மேலாகக் கற்றுவிடவில்லை. மதிப்பெண்கள் குறையவே செய்தன. முகத்தின் மீது விழுந்த கூடுதல் கவனம் பாடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பது ஒரு விளக்கம். இதைக் காட்டி, திரையில் கறுப்பு முகமோ பழுப்பு முகமோ தேவையில்லை என்று யாரும் வாதிடக் கூடாது. கால் மணி நேரப் பாடத்தின் மதிப்பெண் வேறு, பாடநூல்களிலும் திரைகளிலும் தன்னைப் போன்ற ஒரு முகத்தையே காணாமல் பத்தாண்டுகள் படிப்பதன் விளைவு வேறு. முதலாவதை அளக்கும் கருவியால் இரண்டாவதை அளக்க முடியாது.

பொருத்தம் என்பதும் நினைத்த அளவுக்கு எளிதல்ல. ஜார்ஜ் வெலெட்சியானோஸ் 2010இல் வெளியிட்ட ஆய்வில் இரு பாத்திரங்கள்: அறிவியலாளர் ஒருவர், கலைஞர் ஒருவர். இரு பாடங்கள்: நானோ தொழில்நுட்பம், பங்க் ராக் இசை. பாத்திரத்தின் உருவத்தையும் பாடத்தையும் இணைத்துப் பார்த்து, இவருக்கு இது தெரியுமா தெரியாதா என்று மாணவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் எந்தப் பாடமானாலும் கலைஞரிடம் கற்றவர்களுக்கே கூடுதலாக நினைவில் நின்றது. நம்பகமாகத் தோன்றியவரும் மனதில் நின்றவரும் ஒருவரே அல்லர்.

நம் பக்கத்திலும் உடை இந்த வேலையைச் செய்கிறது. 2024இல் திருவனந்தபுரம் பள்ளி ஒன்றில் ‘ஐரிஸ்’ என்ற ரோபோ ஆசிரியரை அறிமுகப்படுத்தியபோது அதற்குப் புடவை கட்டியிருந்தார்கள். சக்கரத்தில் நகரும் கருவிக்குப் புடவை எதற்கு? ‘டீச்சர்’ என்று பிள்ளைகள் எழுந்து நிற்பதற்கு.

6. உருவம் கொடுக்கும் வாக்கு

மனித உருவம் ஒன்று திரையில் தோன்றினால், மனிதரிடம் எதிர்பார்ப்பதை எல்லாம் அதனிடமும் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். கணினியோடும் தொலைக்காட்சியோடும் மக்கள் சமூக மரியாதைகளோடு பழகுகிறார்கள் என்று பைரன் ரீவ்ஸும் கிளிஃபோர்ட் நாஸும் 1996இல் விரிவாக எழுதினார்கள். உருவம் இந்தப் பழக்கத்தைத் தூண்டிவிடுகிறது. அந்த எதிர்பார்ப்புக்கு நடத்தை ஈடுகொடுக்காவிட்டால் வருவது அலட்சியம்கூட அல்ல, எரிச்சல். மைக்ரோசாஃப்ட் ‘ஆஃபிஸ் 97’இல் கண் முளைத்த காகிதக் கவ்வியாக வந்த உதவியாளர் இதற்கு நிலைத்த எடுத்துக்காட்டு. புருவம் உயர்த்தும், கண்ணைச் சுழற்றும். கடிதம் எழுத உட்கார்ந்தால் கேளாமலே உதவிக்கு வரும். நூறாவது கடிதத்துக்கும் முதல் கடிதத்துக்கு வந்தது போலவே வந்து நிற்கும். முகம் இருந்தது, நினைவு இல்லை. 2007 பதிப்போடு அது விடைபெற்றது.

ரிச்சர்ட் மேயரும் ஸ்காட் டாப்ராவும் 2012இல் வெளியிட்ட சோதனைகள், உருவத்துக்கு நடத்தை ஈடுகொடுக்கும்போது நடக்கும் நல்லதைக் காட்டுகின்றன. சூரிய மின்கலம் எப்படி இயங்குகிறது என்று ஒரு பாத்திரம் விளக்குகிறது. ஒரு வடிவத்தில் அது கையசைத்து, முகபாவம் காட்டி, பேசும் பொருளை நோக்கிக் கண்ணைத் திருப்பியது. மற்றதில் அசையாமல் நின்றது. இரண்டிலும் உருவம் ஒன்றே. அசைந்து பேசிய பாத்திரத்திடம் கற்றவர்கள் ஆழமாகக் கற்றார்கள். ஆனால் மனிதக் குரலை எடுத்துவிட்டு எந்திரக் குரலைக் கொடுத்தபோது அந்த நன்மை மறைந்துவிட்டது. உருவமும் அசைவும் குரலும் தனித்தனிச் சரக்குகள் அல்ல. ஒன்று கொடுத்த வாக்கை மற்றது காப்பாற்ற வேண்டும்.

ஜப்பானியப் பொறியாளர் மசாஹிரோ மோரி 1970இல் முன்வைத்த ‘அமானுஷ்யப் பள்ளத்தாக்கு’ கருத்தும் இங்கே பொருந்துகிறது. மனிதரை மிக நெருங்கியும் முழுமையாக எட்டாத உருவம் அருவருப்பைத் தருகிறது. முப்பரிமாணப் பாத்திரங்களின் 0.11க்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கோட்டோவியப் பூச்சி எந்த வாக்கும் கொடுப்பதில்லை. தோலின் துவாரம்வரை செதுக்கிய பேராசிரியர் நிறையக் கொடுத்துவிடுகிறார்.

உற்சாக முகம்தான் வேண்டும் என்ற பொதுப்புத்தியும் ஆட்டம் காண்கிறது. மொழி கற்பிக்கும் செயலியான டுவோலிங்கோ 2024இல் காணொளி அழைப்பில் உரையாடிப் பழகும் வசதியைக் கொண்டுவந்தபோது, அழைப்பின் மறுமுனையில் வைத்தது ‘லில்லி’யை. ஊதா முடியும் பாதி மூடிய கண்ணுமாக, எதிலும் பிடிப்பில்லாத விடலைப் பெண். தப்பாகப் பேசினால் இவள் என்ன நினைப்பாளோ என்ற கூச்சம் அவளிடம் வராது, அவள்தான் எதைப் பற்றியும் நினைப்பதில்லையே. வணிக முடிவு என்றாலும் வடிவமைப்பாளரின் கூர்மை தெரிகிறது.

உழைப்பைக் கூட்டுவது உருவமா, உறவா என்பதற்கு ஒரு சான்று தந்துவிட்டு நகர்கிறேன். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பெட்டி’ என்ற கோட்டோவியச் சிறுமி கற்பிப்பவளல்ல, கற்பவள். மாணவர் அவளுக்கு ஆற்றுச் சூழலியல் போன்ற பாடங்களைக் கற்றுக்கொடுக்க வேண்டும். கேத்தரின் சேஸும் மற்றவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் எட்டாம் வகுப்பு மாணவர்களில் ஒரு சாராரிடம் அந்தப் பாத்திரம் உங்கள் மாணவி என்றார்கள். மற்றவர்களிடம் அது திரையில் உங்கள் பிரதிநிதி என்றார்கள். மென்பொருளில் மாற்றமில்லை. மாணவிக்காகப் படித்தவர்கள், தமக்காகப் படித்தவர்களைவிடக் கூடுதல் நேரம் பாடத்தில் செலவிட்டார்கள், கூடுதலாகக் கற்றார்கள். அவள் தோற்றால் அது தன் தோல்வியல்ல என்ற ஆறுதலும், அவளைத் தோற்கவிடக் கூடாது என்ற பொறுப்பும் சேர்ந்து செய்த வேலை இது.

7. தோற்றத்துக்கு ஏற்ற பேச்சு

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் காசல் குழு உருவாக்கிய ‘அலெக்ஸ்’ பள்ளி வயதுப் பாத்திரம். ஆணா பெண்ணா, எந்த இனம் என்று உறுதியாகச் சொல்ல முடியாதபடி வேண்டுமென்றே வரையப்பட்டது. சமந்தா ஃபிங்கெல்ஸ்டைன் முதலாசிரியராக 2013இல் வெளியான ஆய்வில், ஆப்பிரிக்க அமெரிக்க வழக்குமொழி பேசும் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் அலெக்ஸோடு அறிவியல் பணி செய்தார்கள். அலெக்ஸ் அவர்களது வழக்கிலேயே பேசியபோது குழந்தைகளின் அறிவியல் விவாதம் மேம்பட்டது. பள்ளி ஆங்கிலத்துக்குத் தாவாமல் வீட்டு வழக்கிலேயே நின்ற அலெக்ஸே கூடுதல் பயன் தந்தது. முகம் மாறவில்லை. பேச்சுதான் அந்த முகத்தை யாரோ ஒருவருடையதாக ஆக்கியது.

தமிழுக்கு இது அயல் செய்தியல்ல. கூகுள் 2019இல் இந்தியாவில் ‘போலோ’ என்ற பெயரில் வெளியிட்டு, 2020இல் ‘ரீட் அலாங்’ என்று பெயர் மாற்றித் தமிழ் உட்பட 9 மொழிகளில் பரப்பிய வாசிப்புச் செயலியில் ‘தியா’ என்ற பாத்திரம் உண்டு. குழந்தை உரக்க வாசிப்பதைக் கேட்கிறாள், சரியென்றால் பாராட்டுகிறாள், தடுமாறும் சொல்லைத் தொட்டால் உச்சரித்துக் காட்டுகிறாள். 2022இல் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை இச்செயலியை வைத்து வாசிப்பு மாரத்தான் நடத்தியது. தியாவின் பலம் அவள் காது. கூட்டமான வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதை உட்கார்ந்து கேட்க ஆசிரியருக்கு நேரமில்லை, அவளுக்கு இருக்கிறது. செயலியின் வெற்றியை அவள் முகத்தின் கணக்கில் எழுத வேண்டுமானால், முகமில்லாத தியாவையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும்.

தமிழ்ப் பாத்திரங்களில் நான் காணும் முரண் ஒன்றுண்டு. பக்கத்து வீட்டுப் பெண்ணாக வரைகிறார்கள், பாவாடை சட்டை போட்டுவிடுகிறார்கள், பின்னலில் ரிப்பன்கூட வைக்கிறார்கள். வாயைத் திறந்தால் ‘நீங்கள் மிகச் சிறப்பாகச் செய்தீர்கள்’ என்கிறது. எந்தப் பக்கத்து வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்? பிள்ளை நன்றாக வாசித்தால் வகுப்பில் ஆசிரியர் ‘பரவாயில்லையே’ என்பார், ‘அப்படிப் போடு’ என்பார். யாழ்ப்பாணத்தில் ‘கெட்டிக்காரி’ என்பார்கள். மேயரும் டாப்ராவும் எந்திரக் குரலில் கண்ட சிக்கலின் தமிழ் வடிவம் இது. உருவம் நெருக்கத்துக்கு அழைக்கிறது, பேச்சு மேடையேறி நிற்கிறது.

பாடத்தை எழுத்துத் தமிழிலும் அதைச் சுற்றிய பேச்சைப் பேச்சுத் தமிழிலும் வைப்பது நல்ல ஆசிரியர்கள் அன்றாடம் செய்வது. வாசிப்பது நூல் நடையில், ‘எங்க, இன்னொரு தடவ சொல்லு’ என்பது வீட்டு நடையில். திரைப் பாத்திரத்துக்கும் இதைக் கொடுக்கலாம். எந்த ஊர்ப் பேச்சைக் கொடுப்பது என்ற கேள்வி உடனே எழும், அது நியாயமானது. நெல்லைப் பிள்ளைக்குக் கொங்குப் பேச்சு நெருக்கமா, வெறும் வேடிக்கையா? மலையகப் பிள்ளைக்குச் சென்னைத் தமிழ் சினிமாவாகத்தான் கேட்குமா? சாதியின் சாயல் ஏறிய சொற்கள் எவை, அவற்றைக் குழந்தைகள் எந்த வயதில் அடையாளம் காணத் தொடங்குகிறார்கள்?

இதைச் சோதிக்கப் பெரிய கூடம் தேவையில்லை. ஒரு பாடம், ஒரு கோட்டோவியம், ஒரே ஆளின் குரலில் இரண்டு பதிவுகள்: ஒன்று நூல் நடை, ஒன்று அந்த ஊர் நடை. மூன்றாவது குழுவுக்கு ஊர் நடைக் குரலும் அம்புக்குறியும் மட்டும். முதல் நாளும் அளக்க வேண்டும், புதுமை தேய்ந்த பருவ இறுதியிலும் அளக்க வேண்டும். பிடித்ததா என்ற கேள்வியோடு நிறுத்தாமல், தானாகத் திரும்பி வந்து அடுத்த கதையைத் திறந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்றின் மாணவர்கள் தங்கள் கற்பித்தல் பயிற்சிக் காலத்திலேயே செய்து முடிக்கக்கூடிய வேலை இது.